காலையில் எட்டு வாளி

ஜூன் 9

தம்பிக்கு, அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நீ நாலு தடவை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் அன்றைக்கு நடுரோட்டிலிருந்து போனில் நீ போட்ட கூச்சல்தான் காதில் விழும். இனி எதுவானாலும் காகிதத்தில் எழுது.

விஷயம், மரம். என் வாலு ஆறு வயதில் ஒரு எலுமிச்சை விதையைப் புதைத்து வளர்த்தாளே, அந்த மரம். பதின்மூன்று வயதாகியும் "வீடு மாறினா மரமும் வரணும், இல்லன்னா நானும் வரல" என்று அடம் பிடித்தாள். மரம் பெயர்த்து நடுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் மாமன் இருக்கும்போது அவளுக்கு என்ன கவலை! நீ வண்டி கொண்டுவந்தாய். வேரைச் சுற்றி மண்ணோடு சாக்கில் கட்டி ஏற்றினாய். அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வளைவில் அந்த மண்கட்டி உருண்டு அவள் மேல் விழுந்தது. எல்லாம் முடிந்த மூன்றாம் நாள், ரோட்டோரம் சாய்ந்து கிடந்த மரத்தை உன் அத்தான் ஆள் பிடித்துத் தூக்கிவந்து புது வீட்டின் பின்பக்கம் நட்டுவிட்டார். தடுக்கும் நிலையில் நான் இல்லை.

ஒரு மாதமாக இலை கொட்டுகிறது. அவருக்கு லிப்ட் கம்பெனியில் மத்தியான ஷிப்ட், ஒரு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிதான் வருவார். எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட், ஆறு மணிக்குப் போய் இரண்டுக்கு வருகிறேன். காலையில் மரம் அவரோடு, மத்தியானம் என்னோடு. என்னைப் பார்த்தால் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "இன்னிக்கு எத்தனை இலை விழுந்துச்சு?" இந்த வீட்டுத் தண்ணீர் வேறு பெரிய தலைவலி. காய்ந்தால் பாத்திரமெல்லாம் வெள்ளை படிகிறது.

உன்னிடம் கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன். மரத்துக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, இரண்டையும் எழுது. இரண்டாவதை விவரமாகவே எழுது.

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, பிரிக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்க எனக்கு வாய் கிடையாது. ஆனாலும் கேட்கிறேன். நான் இருக்கிறேன். வண்டி ஓட்டுவதை விட்டாயிற்று. இங்கே ஒரு நாற்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்புகிறேன்.

இலை உதிர்வது நல்லது என்று அத்தானிடம் சொல். வேர் பாதி அறுந்த மரம், தன்னால் தாங்க முடியாத இலையைத் தானே கழற்றிப் போட்டுவிடும். காய்ந்தும் உதிராமல் இலை கொம்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால்தான் பயம். அந்தக் கொம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். வாரத்துக்கு இரண்டு தடவை, நிதானமாக, நாலு வாளி போதும். விரலை மண்ணில் விட்டுப் பார். இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால்தான் அடுத்த தண்ணீர். சுற்றிலும் சருகு போட்டு மூடு, அடிமரத்தை ஒட்டாமல்.

செய்யக் கூடாதது. மரம் சாயாமல் முட்டுக்குக் கட்டிய கயிறு இறுகக் கூடாது, தோல் அறுபட்டால் மரத்தின் சாறு ஓட்டமே நின்றுவிடும். அடிமரத்தில் மண்ணைக் குவிக்கக் கூடாது. ஒரு வருஷத்துக்கு உரம் கூடாது. சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர் பக்கத்திலேயே வரக் கூடாது, எலுமிச்சைக்கு உப்பு விஷம். தினமும் தண்ணீர் ஊற்றவும் கூடாது. வேரும் மூச்சு விட வேண்டும் அக்கா. எங்கள் தொழிலில் வறண்டு செத்த மரத்தைவிட, பாசத்தைக் கொட்டி மூழ்கடித்துச் செத்த மரம்தான் அதிகம்.

அவளைப் பற்றி எழுத நாலு காகிதம் எடுத்தேன். நாலையும் கிழித்துவிட்டேன்.

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அவர் இளைத்துவிட்டார், நான் பெருத்துவிட்டேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலத்தோடு வருகிறார்கள், வேறு யார் தின்பது?

கயிறு இறுகி அடிமரத்தில் தடம் விழுந்திருந்தது. யார் இறுக்கினதோ தெரியாது. அடியில் மண்ணும் மேடாகக் கிடந்தது. அவர் பார்த்துக் கயிற்றைத் தளர்த்தி, மண்ணையும் எடுத்துவிட்டார்.

இந்த மாத ஆரம்பத்தில் துளிர் வந்தது. அதை எனக்குக் காட்ட வேண்டுமென்று வேலைக்குப் போகாமல் இரண்டு மணி வரை காத்திருந்தார். வாலு போன அன்றுகூட அழாத மனுஷன், நாலு துளிரைப் பார்த்து வாய்விட்டு அழுதார். "பாரு, பாரு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அவளை நசுக்கினது அது. அவள் மண்ணுக்குள் போய்விட்டாள், அது துளிர்க்கிறது, இவர் அதற்குப் பணிவிடை செய்கிறார். நான் உள்ளே போய்த் துணி மடித்தேன். அன்று வீட்டில் மடிக்கத் துணியே இல்லை, மடித்ததையே உதறி மடித்தேன்.

இப்போது அந்தத் துளிர் நுனி கருகுகிறது. "மச்சானுக்கு எழுது, அவன் பார்த்தா சொல்லிடுவான்" என்று நச்சரிக்கிறார். ஐந்து இலை பறித்து அவரே என் கையில் கொடுத்தார். கவரில் வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இதை அத்தான் இல்லாதபோது படி.

இலையைப் பார்த்தேன். நுனியில் ஆரம்பித்து இரண்டு ஓரமும் சம அளவாகக் கருகியிருக்கிறது. வெயிலால் இப்படி வராது, வறட்சியாலும் வராது. இது உப்பு. கயிறு தானாக இறுகாது, மண் தானாக மேடேறாது. நான் செய்யாதே என்று எழுதினதெல்லாம் ஒவ்வொன்றாக நடந்திருக்கிறது. அந்தக் கடிதம் உன்னிடம்தான் இருக்கிறது.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. யார்மேல் உப்பைக் கொட்ட வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். மண்கட்டி உருளாமலிருக்க இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருவது அதைத்தான். அன்றைக்கு என்னிடம் ஒரு கட்டைதான் இருந்தது. இன்னொன்றை முந்தின நாள் வேலை செய்த இடத்தில் மறந்து வைத்துவிட்டேன். எட்டுத் தெரு தூரம்தானே என்று, அவள் உட்கார்ந்த பக்கத்துக்கு ஒரு செங்கலை வைத்தேன். வளைவில் செங்கல் நொறுங்கிவிட்டது. விசாரிக்க வந்தவர்கள் ரோடு மோசம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதமாகத் திறக்கவில்லை.

மரம் ஒரு பாவமும் செய்யவில்லை அக்கா. ஆனாலும் அது உன் கண்ணில் படவே கூடாது என்றால் ஒரு வரி எழுது, ரம்பத்தோடு நானே வருகிறேன். ஒரே நாளில் முடித்துவிடுவோம். இப்படிச் சிறுகச் சிறுகக் கொல்லாதே. அதோடு சேர்த்து அத்தானையும் கொல்கிறாய்.

தம்பி


ஆகஸ்ட் 18

மச்சானுக்கு,

சௌக்கியமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கம்பெனி ரிப்பேர் நோட்டில் எழுதுவது போலத்தான் வரும்.

மூன்று வாரத்துக்கு முன்னால், சருகை விலக்கியபோது மரத்தடியில் கரையாத கல்லுப்பு கிடைத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உன் அக்கா போடுகிறாள். அதற்கு முன்னால் கயிற்றை இறுக்கினதும் அவள்தான், முடிச்சு அவள் முடிச்சு. தினமும் அவள் வேலைக்குப் போனதும், நான் எட்டு வாளி ஊற்றி உப்பைக் கீழே இறக்கிவிடுகிறேன். அவள் வருவதற்குள் சருகைப் பழையபடி பரப்பிவிடுகிறேன்.

அவளிடம் கேட்கவில்லை. லிப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் பேச்சுக் கொடு என்பதுதான் எங்கள் வேலையில் சட்டம். இருபது வருஷமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் வரவில்லை. மே மாதத்திலிருந்து அவள் ஒரு பாத்திரத்தைக்கூடப் போட்டு உடைக்கவில்லை மச்சான். தானாக, மனசார அவள் செய்கிற ஒரே காரியம் இந்த உப்புதான். மரத்தின் மேல் கொட்டுவதை நிறுத்தினால் தன் மேல் கொட்டிக்கொள்வாள். அவள் கொட்டட்டும், நான் கழுவுகிறேன்.

எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. நீயும் சொல்லக் கூடாது. எட்டு வாளி போதுமா என்று மட்டும் எழுது. கம்பெனி முகவரி கீழே இருக்கிறது.

அத்தான்


ஆகஸ்ட் 28

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

நான் சௌக்கியம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உப்பைக் கழுவ எட்டு வாளி போதும். வழக்கமாக மூன்று நாலு தடவை கழுவிவிட்டு மண்ணைக் காயவிடச் சொல்வேன். தினமும் புதிதாக விழுகிறது என்றால் தினமும் கழுவத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. அவள் போடும் வரை நீங்கள் கழுவுங்கள். அக்காவிடம் நான் சொல்ல மாட்டேன்.

தம்பி


அக்டோபர் 1

தம்பிக்கு,

இரண்டு பேரும் நடமாடுகிறோம். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு உன்னையே கேட்டுக்கொள்.

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப் போய், ஆவி அடிக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் நின்று படித்தேன். செங்கல். ஒரு வாரம் உன்னைக் கொன்றுபோட வேண்டும் போல இருந்தது. பஸ்ஸுக்குக்கூடக் காசு எடுத்து வைத்தேன். அப்புறம் அன்றைக்குக் காலையில் வாலு என்னிடம் கேட்டது ஞாபகம் வந்தது. "அம்மா, முன்னாடி மாமாகூட உக்காரட்டா, பின்னாடி மரத்துகூட உக்காரட்டா?" பாத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்த எரிச்சலில், "போ, போய் உன் மரத்தையே கட்டிட்டு அழு" என்றேன். சிரித்துக்கொண்டே ஓடினாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் கடிதம் வந்தது ஆகஸ்ட் இருபது. அன்றோடு நிறுத்திவிட்டேன். மிச்ச உப்பைச் சாக்கடையில் கொட்டினேன். உன்னை மன்னிக்கவில்லை, அதை வேறு கணக்கில் வைத்துக்கொள். ஆனால் இப்போது மத்தியானத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு மரத்தடியில் உட்காருகிறேன். இலையைக் கசக்கி முகர்ந்தால் அவள் விரல் வாசனை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கிக்கொண்டேதானே வீட்டுக்குள் வருவாள்! அது பிழைக்க வேண்டும், தம்பி. எனக்காகவும் பிழைக்க வேண்டும்.

மண் எப்போதும் சொதசொதவென்று கிடக்கிறது. அடிமரத்தில் பிசின் மாதிரி ஏதோ கசிகிறது. அவர் ஆசையில் கூடுதலாக ஊற்றுகிறார் போல. உப்புப் போட்ட நான், தண்ணீர் அதிகம் என்று எந்த வாயால் சொல்வது? நீயே நாசூக்காக அவருக்கு எழுது. ஆனால் நான் செய்தது அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் இந்த வீட்டில் எனக்கு முகம் இருக்காது. உன்னால் எனக்குச் செய்ய முடிந்தது இனி இது ஒன்றுதான்.

அக்கா


அக்டோபர் 9

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

நலம் என்று நம்புகிறேன். தண்ணீரைக் குறையுங்கள். ஐந்து நாளைக்கு ஒரு தடவை போதும். அடிமரத்தில் பிசின் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். வேர் அழுக ஆரம்பித்திருக்கும். காரணம் கேட்காமல் நான் சொன்னதைச் செய்யுங்கள்.

தம்பி


அக்டோபர் 20

மச்சானுக்கு,

சௌக்கியம். பிசின் கசிகிறது, உண்மை. ஆனால் நிறுத்து என்று சுலபமாக எழுதிவிட்டாய். மண்மேல் தினமும் வெள்ளை பூக்கிறது, முன்னைவிட அதிகம். அவள் இப்போது தூளாக்கிப் போடுகிறாள் போல. கல்லாக எதுவும் கண்ணில் படவில்லை. மரத்தடியில் ஸ்டூல் கால் பதிந்த தடம் இருக்கிறது. உட்கார்ந்து நிதானமாகப் போடுகிறாள். பன்னிரண்டு வாளியாக்கிவிட்டேன். தோள்பட்டை வலிக்கிறது, பரவாயில்லை.

நேற்று இரண்டு துளிர் கருகாமல் நின்றது. கழுவுவதை விட்டால் அதுவும் போய்விடும். போக விட மாட்டேன்.

அத்தான்


நவம்பர் 17

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கவரில் இரண்டு பேர் பெயரையும் எழுதியிருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

அத்தான், அக்கா உப்புப் போடுவதை ஆகஸ்ட் இருபதோடு நிறுத்திவிட்டாள். அக்கா, நீ உப்புப் போட்டது அத்தானுக்கு ஜூலையிலிருந்தே தெரியும். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை, தினமும் காலையில் கழுவிவிட்டார். நீ நிறுத்தினது தெரியாமல் இன்னும் கழுவுகிறார். மண்மேல் பூக்கிற வெள்ளை, அக்கா போட்ட உப்பு இல்லை அத்தான், உங்கள் குழாய்த் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு காய்ந்து படிகிறது. பாத்திரமெல்லாம் வெள்ளை படிகிறது என்று அக்கா முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாள். அதிகமாக ஊற்ற ஊற்ற அதிகமாகப் படியும். அதைப் பார்த்து நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். உடனே நிறுத்துங்கள். அடியில் மண்ணை விலக்கி, அழுகின தோலைச் சுரண்டி, காற்றுப் படவிடுங்கள்.

இது எனக்கு அக்டோபர் கடைசியிலேயே புரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு மேலாகக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். இரண்டு பேருமே சொல்லக் கூடாது என்றீர்களே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். மறுபடியும் உங்கள் வீட்டு விஷயத்தில் கை வைக்கப் பயமாக இருந்தது. அத்தான், ஆகஸ்டில் அக்காவுக்கு நான் எழுதினதையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் ஒரு செங்கல் இருக்கிறது.

தம்பி


டிசம்பர் 2

தம்பிக்கு,

கவரில் இரண்டு பெயர் இருந்ததால், வியாழக்கிழமை வந்த கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை வரை பிரிக்காமல் மேஜைமேல் வைத்திருந்தோம். மூன்று காலையும் அவர் வழக்கம்போல ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம், அவர் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"ஆகஸ்ட்லயே நிறுத்திட்டியா?"

"ம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களும் சொல்லியிருக்கலாம்ல?"

அவ்வளவுதான் பேச்சு. பின்பக்கம் போய் மண்ணைத் தோண்டினார். நான் விளக்குமாற்றால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மே மாதத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை. வேரெல்லாம் கறுத்துப் போயிருந்தது. தொட்டால் தோல் கையோடு வந்தது, குடலைப் புரட்டுகிற நாற்றம். நீ சொன்னபடி சுரண்டிக் காற்றுப் படவிட்டோம். பத்து நாள் பார்த்தோம். இலை மொத்தமும் காய்ந்துவிட்டது. ஒன்றுகூட உதிரவில்லை, எல்லாம் கொம்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் எழுதியிருக்கிறாயே.

செங்கலையும் அவர் படித்துவிட்டார். பாத்திரம் கட்டும்போது வாலுவிடம் நான் சொன்னதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னார். எனக்கு இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் மத்தியான ஷிப்டுக்கு மாறிவிட்டேன். காலையில் இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறோம். ஆறரை மணியானால் அவர் எழுந்து பின்பக்கம் போவார், கவிழ்த்து வைத்த வாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவார். நான் எதிரில் உட்காருவேன்.

ரம்பத்தோடு வருவதாக எழுதினாயே, வா. அறுத்த மரத்தை இந்தத் தெருவில் விட்டுவிட்டுப் போகாதே, வண்டி வைத்து எடுத்துப் போ. ஏற்றும்போது இரண்டு பக்கமும் கட்டை கொடு.

அக்கா